முனை வெட்டிய ஆறு பழங்கள்

புகாசோங், ஆன்டிகே, பிலிப்பைன்ஸ்
12 செப்டம்பர் 1993

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் பள்ளிக்கூட வாசலிலேயே என் கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு நடந்துகொண்டே இரண்டு முறை வாசித்தேன். மூன்றாவது முறை அப்பாவுக்காகச் சத்தமாக வாசித்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் தடுக்கி நின்றேன். "வாய் யான் பள்ளியிலிருந்து வந்ததும் அவித்த வாழைப்பழம் கேட்கிறாள். தோலை உரித்து, துண்டாக்கி, ஊதி ஊதிக் கொடுக்கிறேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த இடம்.

அம்மா, எனக்கு நீ ஒரு நாளும் உரித்துக் கொடுத்ததில்லை. எனக்கு ஐந்து வயதில், ஆவி பறக்கிற பழம் ஒன்றைக் கையில் வைத்துவிட்டு, "கை இருக்குல்ல? உரிச்சுத் தின்னு" என்றாய். நான் அழுதேன், நீ சிரித்தாய். நீ வேலை பார்க்கிற வீட்டு வாய் யானுக்கு ஆறு வயது என்று நீதான் எழுதியிருக்கிறாய். அவளுக்குக் கை இல்லையா? கேலிக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஹாங்காங்கில் சபா வாழை எங்கே கிடைக்கிறது என்றும் எழுது.

எங்கள் அறிவியல் ஆசிரியை திருமதி பெலார்மா ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். "பாத்தத எழுது. நெனச்சத எழுதாத" என்பார். அதனால் நான் பார்த்ததை உனக்கும் எழுதுகிறேன். அப்பா சொல்ல வேண்டாம் என்றார், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் அப்பாவுக்கு ஐந்து நாள் காய்ச்சல். அவர் சவாரி ஓட்டும் ட்ரைசிக்கிள் ஐந்து நாளும் மாமரத்தடியிலேயே நின்றது. இப்போது சரியாகி வண்டி ஓட்டுகிறார். அந்த ஐந்து நாளும் பக்கத்து வீட்டு அக்கா, மனாங் தாசிங், மூன்று மணிக்கு ஒரு தட்டு நிறைய அவித்த வாழைப்பழம் கொண்டுவந்தார். எல்லாமே தோல் வெடித்து, தண்ணீர் ஏறி, நடுவில் சொதசொதவென்று இருந்தன. அப்பா ஒன்றும் சொல்லாமல் கினமோஸ் தொட்டுக்கொண்டு தின்றார். மீன் விழுதின் உப்பில் எதுவும் இறங்கிவிடும் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதே, அதனால் முதல் நாள் கருவாடு வைத்துக் கொடுத்தார். பிறகு முட்டை. கடைசி நாள் வீட்டில் ஒன்றும் இல்லாமல் கொல்லை மரத்தில் ஏறி ஒரு பப்பாளி பறித்தார், காய்ச்சலோடு.

முக்கியமான விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பட்டமளிப்பு மார்ச் 26, சனிக்கிழமை. இப்போது நான் இரண்டாம் இடத்தில் இருக்கிறேன். முதல் மூன்று பேருக்குப் பதக்கம். அதை அம்மாவோ அப்பாவோ, இல்லாவிட்டால் ஒரு பெரியவரோ மேடையேறி அணிவிக்க வேண்டும். உன் ஒப்பந்தம் மார்ச் 20 முடிகிறது. நாட்காட்டியில் எண்ணிவிட்டேன். ஆறு நாள் மிச்சம் இருக்கிறது. நீ வருகிறாய்தானே?

உன் மகள்
ரேலின்


ஹாங்காங்
3 அக்டோபர் 1993, ஞாயிறு

இந்தாய்,

விடுமுறை நாள். நம்மூர் வேலைக்காரப் பெண்கள் கூடுகிற சதுக்கத்தில் அட்டை விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் என் தோழி நெனிங் கால் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அவள் இடித்தது என்று தெரிந்துகொள்.

வாய் யானுக்கு ஜூலையில் வயிறு கெட்டு நான்கு நாள் எதுவும் இறங்கவில்லை. கஞ்சியைக் கூடத் துப்பினாள். தாய்லாந்துக்காரர் கடை ஒன்றில் நம் சபா மாதிரியே குட்டை வாழை பார்த்த ஞாபகம் வந்தது. வாங்கி அவித்தேன், தின்றாள். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் இருட்டிய பிறகுதான் வீடு வருகிறார்கள், ரேலின். பள்ளிவிட்டு வரும்போது அவளுக்கு நான் மட்டும்தான். உரித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? உனக்கு ஏன் உரிக்கவில்லை என்றால், நீ என் இந்தாய், என் பெண். உனக்குச் செய்யத் தெரிய வேண்டும். இது உனக்கு இப்போது புரியாது.

மார்ச் விஷயம். மேடம் மாசமாக இருக்கிறார், ஏப்ரலில் பிரசவம். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போட்டால் அடுத்த வருடக் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஊர் லீவு கிடையாது. பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உன் பதக்கத்தை நான் மறக்கவில்லை. உன் உயர்நிலைப் பள்ளியும், புயலில் போன பாதிக் கூரையும் கூட என் கண் முன்னால்தான் நிற்கின்றன. யோசிக்கிறேன்.

கணக்குத் தேர்வு என்ன ஆயிற்று?

இன்னொன்று. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று தாசிங்குக்கு யார் சொன்னது? பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனாளா, உள்ளே வந்து உட்கார்ந்தாளா? அவள் தட்டிலேயே தின்றீர்களா, என் நீலக்கரை எனாமல் தட்டில் மாற்றினீர்களா? பப்பாளியை யார் கொண்டுபோய்க் கொடுத்தது? இன்னும் வருகிறாளா?

சும்மாதான் கேட்கிறேன்.

அம்மா


புகாசோங்
30 அக்டோபர் 1993

அன்புள்ள அம்மாவுக்கு,

கணக்குத் தேர்வில் 94. உன் கடிதத்தில் என் தேர்வைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது, மனாங் தாசிங்கைப் பற்றி ஐந்து. எண்ணிப் பார்த்தேன். வாய் யானைப் பற்றி எத்தனை வரி என்றும் எண்ணினேன். அதை எழுதப் போவதில்லை.

உன் ஐந்து கேள்விகளுக்கும் பதில். காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை, வண்டி மரத்தடியில் நிற்பதைப் பார்த்து அவராகவே வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். நீலக்கரைத் தட்டில் மாற்றித்தான் தின்றோம். பப்பாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தது அப்பா. கடைசிக் கேள்விக்கு இது பதில்: தினமும் மூன்று மணிக்கு அவித்த வாழைப்பழம் நம் மேசைக்கு வந்துவிடுகிறது. ஒரு நாள் கூடத் தவறுவதில்லை.

அவர்கள் பேசியதையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அப்படியே தருகிறேன்.

"என்ன ரெய், இப்படி எளச்சுட்ட? ஹாங்காங்லேருந்து பொட்டி வருது. சோறு வருமா?"

"சோத்துக்கு என்ன மனாங். உங்க வீட்டு அடுப்பு எரியுதே."

"எரியுது, எரியுது. உக்காந்து தின்ன ஆளில்லாம எரியுது."

"தின்ன ஆளு வேணும்னா சொல்லுங்க, நம்ம தெருவுலேருந்து பத்துப் பேர அனுப்பறேன்."

"பத்துப் பேரு எதுக்கு? ஒருத்தன் போதும், குறை சொல்லாம திங்கறவனா இருந்தா."

அப்பா சிரித்தார், அவரும் சிரித்தார். நான் புத்தகம் வாசிப்பது போல இருந்தேன்.

பட்டமளிப்புக்கு வெள்ளை உடை தைக்க வேண்டும். அளவு எடுக்க யாரிடம் போகட்டும் என்று எழுது.

ரேலின்


ஹாங்காங்
21 நவம்பர் 1993, ஞாயிறு

இந்தாய்,

உன் கடிதத்தை நெனிங்குக்கு வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன்.

"எத்தன நாளா வருது?" என்றாள்.

"காய்ச்சல்லேருந்து."

"காய்ச்சல் போச்சு, பழம் போகலையா?"

"பக்கத்து வீடுடி. நல்ல மனசு."

"நல்ல மனசுதான். எங்க கொழுந்தனுக்கும் ஒருத்தி நல்ல மனசோட மீன் கொழம்பு கொண்டாந்தா. மொதல்ல கொழம்பு வந்துச்சு. அப்புறம் எங்க வீட்டுப் பாத்திரம் அங்க போச்சு. அப்புறம் அவனே போயிட்டான்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்திருக்கும்போது பார்த்தால், உட்கார்ந்திருந்த அட்டையின் ஓரத்தை முழுக்கக் கிழித்துப் பொடியாக்கி வைத்திருக்கிறேன்.

நான் சந்தேகப்படுகிறவள் இல்லை. ஆனால் "குறை சொல்லாம திங்கறவன்" என்றால் என்ன அர்த்தம்? நான் குறை சொல்லிக் கொடுத்தேன் என்றா? வெடித்த பழத்தை வாயை மூடிக்கொண்டு தின்கிற மனிதர், என் மீன் சாற்றில் உப்பு ஒரு கல் கூடினால் முகம் சுளிப்பார். தட்டை இனிமேல் நீயே கொண்டுபோய்க் கொடு. அப்பா போக வேண்டாம். நான் கேட்டதாக அவரிடம் சொல்லாதே. அவருக்குத் தனியாக எழுதலாம் என்று தாளை எடுத்தேன், "ரெய்" என்று எழுதியதோடு நிற்கிறது. எழுதினால்தான் அவர் பதில் போடுவாரா? தப்பு வந்துவிடும் என்று பேனாவையே தொட மாட்டார்.

மேடத்திடம் இன்னும் யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் முகம் நன்றாக இல்லை.

பெட்டி கப்பலில் வருகிறது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடும். சோப்பெல்லாம் அடியில், உன் சாமான் மேலே. வெள்ளைத் துணியும் அதில்தான். அளவு எடுக்கத் தாசிங்கிடம் போகாதே.

அம்மா


புகாசோங்
12 டிசம்பர் 1993

அம்மாவுக்கு,

பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. துணி அழகாக இருக்கிறது. அகராதிக்கு நன்றி. M எழுத்து வரை வந்துவிட்டேன்.

பென்சில் பெட்டிக்குள் வாய் யான் வரைந்த படமும் இருந்தது. உனக்குத் தெரிந்தே வைத்தாயா? படத்தில் நீ அடுப்பு முன்னால் நிற்கிறாய். பானையிலிருந்து மஞ்சள் வாழைப்பழங்கள் பறக்கின்றன. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். உன் தலைமுடி காது வரைதான் இருக்கிறது. முதலில் அவளுக்கு வரையத் தெரியவில்லை என்று நினைத்தேன். பிறகு அப்பாவிடம் காட்டினேன். "முடிய வெட்டிட்டாளா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

நீ முடியை வெட்டிக்கொண்டதை அவள் படத்தைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவளுக்கு உன் முடி எவ்வளவு என்று தெரியும், இன்று நீ என்ன சட்டை போட்டிருக்கிறாய் என்று தெரியும், ஊதிக் கொடுக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்றும் தெரியும். எனக்கு உன் கையெழுத்துதான் தெரியும்.

எங்களைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். மனாங் தாசிங் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். அவர் அவித்த பழம் இப்போது வெடிப்பதே இல்லை. இன்று ஆறு பழங்கள். இரண்டு முனையும் வெட்டியிருந்தன, நேராக அல்ல, சாய்வாக, ஒரு நகத்தளவு சதையும் சேர்ந்து போகும்படி. உள்வளைவில் ஒரே ஒரு கீறல். பானையில் வளைந்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி அவித்தது. சட்டையைக் கழற்றுவது போலத் தோல் கழன்று வருகிறது. அப்பாவுக்கு இரண்டு காய், கினமோஸுடன். எனக்கு நான்கு பழம், சர்க்கரையும் மார்ஜரினும் தடவி.

பதக்கம் அணிவிக்க மேடைக்கு யார் வருவார்கள் என்று படிவம் கொடுத்திருக்கிறார்கள். உன்னால் வர முடியாவிட்டால் தான் வருவதாக மனாங் தாசிங் சொல்லியிருக்கிறார். புதுக் கவுன் கூட வைத்திருக்கிறாராம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வாய் யானுக்கும்.

ரேலின்


ஹாங்காங்
9 ஜனவரி 1994, ஞாயிறு

ரேலின்,

முடியை வெட்டியது மேடத்தின் பிள்ளை அதைப் பிடித்து இழுக்கிறாள் என்பதற்காக. அழகுக்காக இல்லை. சொல்லியிருக்க வேண்டும், தப்புதான்.

ஆனால் நான் இன்று எழுத உட்கார்ந்தது அதற்கு இல்லை.

உன் கடிதத்தில் அந்த ஆறு பழங்களை எத்தனை முறை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. நெனிங்கிடம் இந்த முறை காட்டவில்லை. சிரிக்கிற விஷயம் இல்லை இது.

முனை வெட்டி, உள்வளைவில் கீறி அவிப்பது நான் யாரிடமும் கற்றதில்லை. பழம் வெடித்துத் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நானாகச் செய்து பார்த்தது. இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீ வயிற்றில் இருந்தபோது அடுப்புப் புகை எனக்கு ஆகவில்லை. உன் அப்பாதான் அவித்தார். அவருக்கு வலது கையின் நடு விரல் வண்டிச் சங்கிலியில் மாட்டி வளைந்தது உனக்குத் தெரியும். அவர் கத்தி நேராகப் போகாது, சாய்ந்துதான் போகும். ஆழமாகவும் போகும். "பாதிப் பழத்த முனையோட வீசறீங்களே" என்று அந்த ஒன்பது மாதமும் திட்டியிருக்கிறேன்.

தாசிங் இருபது வருடமாக வெடித்த பழம் அவிக்கிறவள். செப்டம்பரில் நீயே வெடித்தது என்று எழுதினாய். டிசம்பரில் முனை சாய்வாக வெட்டியிருக்கிறது, ஒரு நகத்தளவு சதையும் சேர்ந்து.

அது உன் அப்பாவின் கத்தி, ரேலின்.

அப்படியென்றால் அவர் அவள் சமையற்கட்டில் நின்று வெட்டித் தருகிறார். அவள் அடுக்குகிறாள், அவர் வெட்டுகிறார். இல்லை, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். இங்கே பிடி, இங்கே கீறு என்று. எனக்கு இரண்டில் எது மேல் என்று தெரியவில்லை. அவள் பழம் கொண்டுவந்தது எனக்குப் பெரிதில்லை. சிரித்துப் பேசியது கூடப் பரவாயில்லை. இதை எதற்கு அவளுக்குக் கொடுத்தார்? அந்த வீட்டில் என்னுடையது என்று என்ன இருந்தது? நிலம் இல்லை, நகை இல்லை. இந்தக் கைவேலை ஒன்றுதான் இருந்தது.

பானையும் போய், தட்டும் போய், என் மகள் கழுத்தில் பதக்கம் போடும் இடமும் போன பிறகு, நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்? மேடத்தின் தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. பிப்ரவரி கடைசி நாள் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இங்கே ஒரு பிள்ளையாவது நான் அவித்ததைக் கேட்டு வாங்கித் தின்கிறது.

நன்றாகப் படி.

அம்மா


புகாசோங்
26 ஜனவரி 1994

அம்மா,

கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதத்தை முழுக்க வாசிக்கும் வரைக்கும் போடாதே. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

மனாங் தாசிங் இங்கே இல்லை. செப்டம்பர் 20ஆம் தேதி இலோயிலோவில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்குகிறது. பூட்டின் மேல் குளவி கூடு கட்டியிருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் அந்தத் தாளைக் கிழித்து அனுப்புகிறேன். அவர் கொண்டுவந்தது அந்த ஐந்து நாள் மட்டும்தான். அந்தப் பேச்சும் காய்ச்சல் நாட்களில் பேசியதுதான். நான் தேதி போடாமல் எழுதினேன். அக்டோபரில் நான் எழுதிய எல்லாமே நடந்தது, நீ வேறு மாதிரி நினைத்துக்கொள்ளும்படி எழுதினேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிசம்பரில் எழுதியது முழுப் பொய். கவுனும் பொய்.

ஆனால் பழம் பொய் இல்லை. பழத்தைப் பார்த்தபடிதான் எழுதினேன். அப்பாதான் அவிக்கிறார்.

காய்ச்சல் போன பிறகு ஒரு நாள், "மூணு மணிக்கு வயிறு பழகிப்போச்சு" என்று சொல்லிப் பானையை எடுத்தார். முதல் நாள் ரொம்ப ஆழமாக வெட்டி, பழமெல்லாம் கட்டைவிரல் நீளத்துக்கு ஆகிவிட்டது. "உங்கம்மா பாத்தா கொன்னே போடுவா" என்றார். அன்றிலிருந்து தினமும் இரண்டரை மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார். பயணிகள் நின்றால் கூட, "மூணரைக்கு வர்றேன், பொறு" என்கிறார். என்னைக் கத்தியைத் தொட விடுவதில்லை.

உன் கடிதத்தைத் திங்கட்கிழமை வாசித்தேன். இரண்டு நாள் வைத்திருந்தேன். இன்று அவர் அடுப்பு முன்னால் நின்றபோது சொல்லிவிட்டேன்.

"அப்பா, நான் அம்மாவுக்குப் பொய் எழுதிட்டேன்."

"என்னத்த?"

"பழத்த மனாங் தாசிங் அவிச்சுத் தர்றாங்கன்னு."

மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். "எதுக்கு?"

"அம்மாவுக்குக் கோவம் வந்தா கையெழுத்துப் போடாம வந்துருவாங்கன்னு."

"வந்துச்சா?"

"கோவம் வந்துச்சு. அம்மா வரமாட்டாங்க போல."

கடிதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்" என்ற இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு தன் வளைந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவ்ளோ ஆழமாவா வெட்டறேன்?" என்று கேட்டார்.

இன்றைக்குப் பழம் வெந்து குழைந்து, முனை வெட்டியும் வெடித்துவிட்டது. இரண்டு பேரும் அதையே தின்றோம்.

படிவத்தில் அந்த இடத்தில் மெர்லின் என்று உன் பெயரை அப்பா டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். பென்சிலில் இல்லை, மையில். நீ வராவிட்டால் அடித்துத் திருத்த வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். "அடிக்க வேண்டாம்" என்றார் அப்பா.

எனக்கு வாய் யான் மேல் பொறாமை, அம்மா. அவளுக்கு நீ ஊதிக் கொடுப்பதை நினைத்தால் எனக்கு எதுவும் படிக்க ஓடவில்லை. உனக்கும் அப்படி இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ வருவாய் என்று மட்டும்தான் நினைத்தேன். வலிக்கும் என்று நினைக்கவில்லை. இல்லை, இதுவும் பொய். கொஞ்சம் வலிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

நீ எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி. மனாங் தாசிங்குக்கு மன்னிப்புக் கேட்டு இலோயிலோவுக்கு எழுதவும் தயார், அவருக்கு விஷயமே தெரியாது என்றாலும்.

ரேலின்

(கீழே அப்பா எழுதியிருக்கிறார். நான் திருத்தவில்லை.)

மெர்லின் பழம் நான் தான். குறைவா வெட்றேன். வா. ரெய்


ஹாங்காங்
20 பிப்ரவரி 1994, ஞாயிறு

இந்தாய்,

பதிவுத் தபால் என்றதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, சமையற்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய் யான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதலில் தண்டனை. தாசிங்குக்கு எழுத வேண்டாம். அவள் பாவம், நிம்மதியாக இருக்கட்டும். அவள் வீட்டு வாசலைப் பட்டமளிப்பு வரைக்கும் நீ தினமும் பெருக்கு. குளவிக் கூட்டை அப்பா எடுக்கட்டும், நீ கிட்டே போகாதே. அந்த ஐந்து நாள் என் வீட்டுக்குச் சோறு போல வந்த பழத்தைப் பற்றி நான் இந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்து என்னென்ன பேசினேன் என்று நினைத்தால் எனக்கே கூசுகிறது. நெனிங்கிடம் உண்மையைச் சொன்னேன். "அப்பனே அவிக்கிறானா? அவன விடாதடி" என்றாள். அவ்வளவுதான் அவள் நியாயம்.

உன் மேல் கோபம் இருக்கிறது. போகவில்லை. பார்த்ததை எழுதச் சொன்ன ஆசிரியை முகத்தில் எப்படி முழிக்கிறாய்? ஆனால் பொய் சொல்லும்போது கூட அந்தப் பழத்தை ஒரு நகத்தளவு பிசகாமல் எழுதியிருக்கிறாய். அது இல்லாவிட்டால் நான் இவ்வளவு எரிந்திருக்க மாட்டேன். அது இல்லாவிட்டால் நீயும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாய்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அப்பாவுக்கு வாசிக்காதே. தாசிங் இல்லை என்று தெரிந்த பிறகும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. இரண்டரை மணிக்கு அவர் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார். நீ நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாய். பானை கொதிக்கிறது. நான் இல்லாமலே கொதிக்கிறது. இதற்கு யார் மேல் கோபப்படுவது? என் பானையின் மேலேயே எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

நேற்று வாய் யான் கேட்டாள், "ரேலினுக்கு யாரு உரிச்சுக் குடுப்பா?" என்று. அவளே உரித்துக்கொள்வாள், ஐந்து வயதிலிருந்து என்றேன். உடனே தட்டைப் பிடுங்கி, தானே உரித்தாள். விரலைச் சுட்டுக்கொண்டாள், அழவில்லை. "நான் ஆறு" என்று சொல்லிக்கொண்டே தின்றாள். உன் மேல் அவளுக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? உனக்கு எழுதுகிற நாளில் என் பேனாவை ஒளித்து வைக்கிறாள். முடியை இழுப்பதும் கடிதம் எழுத உட்கார்ந்தால்தான்.

கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போய் வீட்டில் கேட்டுத்தான் பதில் என்று மேடத்திடம் சொன்னேன். வேறு ஆள் பார்த்தால் பார்க்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன். தாளைக் காந்தத்திலிருந்து எடுத்து என் பைக்குள் வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். மேசையில் வைத்து மூன்று பேரும் பார்ப்போம். நீ சத்தமாக வாசி. எதையும் சேர்க்காமல், எதையும் விடாமல்.

மார்ச் 23, புதன்கிழமை. இலோயிலோவிலிருந்து பஸ் பிடித்தால் மதியம் இரண்டு மணிக்கு வந்துவிடுவேன். கூட்டிப் போக வண்டி கொண்டுவரச் சொல். முடி இன்னும் வளரவில்லை, பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று அவரிடம் சொல்.

ஆறு பழம் எடுத்து வையுங்கள். பானையில் தண்ணீர் ஊற்றி, அடுப்பும் மூட்டி வைக்கலாம். முனையை மட்டும் யாரும் வெட்ட வேண்டாம். நான் வந்து வெட்டிக்கொள்கிறேன்.

அம்மா